தொண்டைக்குள் எட்டிப் பார்த்த ஜாதகப் பக்கம்

மட்டாஞ்சேரியில் சுக்கு வியாபாரம் செய்யும் நான், பஜாரே அறிந்த கேலிக்காரன். தொண்டையின் இடப்பக்கம் பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தபோது மட்டும் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு இணையத்தில் வரும் என்றார்கள்.

வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி தாண்டி. சுத்தமான ராகுகாலம். லேப்டாப்பில், ஆய்வுக்கூடத்தின் இணையப் பக்கத்தில் என் பெயர், கைப்பேசி எண், ‘தொண்டை, இடப்பக்கம்’ என்ற வரி. ‘முடிவைக் காண்க’ என்பதை நான் அமுக்கவில்லை. எனக்கா தைரியம்! அதைத் திறந்தபடி விட்டுவிட்டு, நல்ல நேரம் பார்க்கப் பக்கத்திலேயே ஒரு ஜாதக சைட்டைத் திறந்தேன். நட்சத்திரத்தை மட்டும் கொடுத்தேன்.

‘உமது தொண்டையின் இடப்பக்கம் ஒரு கண்டம் குடியிருக்கிறது’ என்றது அது.

குடோனில் என்னையும் சுக்கு மூட்டைகளையும் தவிர யாருமில்லை. மூட்டைகள் என் தொண்டையையே பார்ப்பதுபோல இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து லேப்டாப்பின் முகத்தை மூடினேன், பிணத்தை மூடுவதுபோல. பிறகு செருப்பையும் மறந்து, பக்கத்துக் கடையில் பில் போடும் சேச்சியிடம் ஓடினேன்.

அவர் வந்து துண்டை விலக்கிச் சிரித்தார். கட்டி என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது.

“அண்ணா, இது அருள்வாக்கு ஒண்ணுமல்ல. பிரவுசர்ல ஓட்டை. ஒரு சைட்டுல கெடக்கறத அடுத்த சைட்டு எட்டி வாசிக்குது. அப்டேட் பண்ணச் சொல்லிக் கேட்டிருக்குமே?”

“கேக்கும் சேச்சி. கேக்கறப்பல்லாம் நேரம் சரியில்ல.”

“நல்ல பெஸ்ட் ஆளு! அந்த சைட்ட முதல்ல மூடுங்க. அப்டேட் போட்டுட்டு, பின்னே ரிசல்ட்டப் பாருங்க.”

தலையாட்டினேன். அவர் போனதும் ஒரு நினைப்பு முதுகில் ஊர்ந்தது. எவனோ ஒருவன் எனக்கு முன்பே என் முடிவையும் வாசித்திருந்தால்? ராகுவாவது கேதுவாவது, அமுக்கிவிட்டேன்.

சாதாரணக் கட்டி. புற்று இல்லை.

சுக்கு மூட்டையைக் கட்டிப்பிடித்து அழுதேன், தும்மவும் செய்தேன். மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் மறைத்தாய் என்று அவள் திட்டிக்கொண்டிருக்கும்போதே காதோரம் கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.

‘கண்டம் விலகியது. மகிழ்ச்சி.’

மெல்லத் திரும்பினேன். ஜாதகப் பக்கம் இன்னும் திறந்தே கிடந்தது.

துண்டைத் தேடினேன்.