இரண்டு சாம்பியன்களிடமும் அடி வாங்கியவள்

குத்துச்சண்டையில் எங்கள் எடைப் பிரிவில் தோற்றே அறியாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தூத்துக்குடிக்காரி, மற்றவள் எங்கள் பூதப்பாண்டிக்காரி. இருவரும் மோதிக்கொண்டதில்லை. ஆகவே யார் பெரியவள் என்று நாகர்கோவில் பயிற்சிக்கூடத்தில் தினமும் வாய்ச்சண்டை நடக்கும்.

"தூத்துக்குடிக்காரி அடிச்சதெல்லாம் சப்ப ஆளுவளத்தான். நம்ம பிள்ள ஜெயிச்சது நல்ல ஆளுவள" என்பார் பயிற்சியாளர்.

அந்தச் சப்பைகளில் நானும் ஒருத்தி. போன வருஷம் அவளிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தேன். அவருக்கு அது மறந்திருக்கலாம், என் தாடைக்கு மறக்கவில்லை.

இந்த வருஷம் மாவட்ட இறுதிப் போட்டியில் எனக்கு எதிரே பூதப்பாண்டிக்காரி. இருவரிடமும் அடி வாங்கப்போகும் ஒரே ஆள் நான். ஜெயிப்பேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நிற்பேன் என்பதுதான் பேச்சு. மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடினேன்.

கையுறை கட்டும்போது பூதப்பாண்டிக்காரியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மக்கா, அந்தத் தூத்துக்குடிக்காரி ஒன்ன எத்தனாவது ரவுண்டுல சாய்ச்சா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ரெண்டாவது."

"அப்போ நான் மொத ரவுண்டுலயே முடிக்கணும். அடுத்த மாசம் ஸ்டேட் போட்டிக்கு அவ வருவா."

சொல்லிவிட்டு அவளும் கழிப்பறைப் பக்கம் ஓடினாள். ஆனால் அவள் பயந்தது எனக்கு அல்ல.