கோலுக்குப் பின்னால் நின்றவர்

டோர்ட்மண்டில் எங்கள் ஹர்லிங் அணிக்கு மனேஜர் ஒரு ஐரிஷ்காரர். மரமட்டையால் பந்தை விளாசுகிற அந்த விளையாட்டில், ஊரில் அவர் பேர்போன கோல்கீப்பராம். முழங்கால் போனபிறகு இங்கே வேலைக்கு வந்து எங்களைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக ஆடிய இறுதியாட்டத்தில் ஒரு கோலால் தோற்றதைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்.

அன்றைய ஆட்டத்தில் மைதானத்தைப் பனிப்புகார் மூடியிருந்தது. கோலுக்குள் நின்ற எனக்குப் பந்து கிட்ட வந்தபிறகுதான் தெரியும். அவர் வலைக்குப் பின்னால் நின்று, "இடது! மேலே! வலது!" என்று ஜெர்மனில் கத்தினார். அதுவும் மட்டையில் பந்து படுகிற சத்தத்துக்கு முன்னமே. எனக்கு அதட்டல் பிடிக்காது. என்றாலும் சொன்ன பக்கம் பாய்ந்தேன். ஒரு பந்தும் தப்பவில்லை. இந்த மனுசனுக்கு எப்படித் தெரியுது என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார்.

கடைசி நிமிசத்தில் "வலது!" என்றார். பாய்ந்தேன். பந்து இடப்பக்கத்தால் வலைக்குள் போய்விட்டது. ஒரு கோலால் தோற்றோம்.

கோதாரி விழுந்த மனுசன் என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, "ஏன் வலது சொன்னீங்கள்?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

அவர் கண்ணைத் திறக்கவேயில்லை.

"நான் அண்டைக்கு, அந்த இறுதியாட்டத்தில, வலப்பக்கம்தான் பாய்ஞ்சனான்," என்றார்.