உறங்கும் பறவைகளும் ஒரு கூப்பாடும்

போன சனிக்கிழமை, மாலை ஐந்து பத்து. என் மகள் காவியா மெல்ல, "அம்மா, நீர்நாய்," என்றாள். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் நான் "ம்" என்றேன்.

எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அந்த "ம்"மில்தான்.

கோல சிலாங்கூர் சதுப்புநிலக் காப்பகத்தில், பறவை பார்க்கும் கோபுரத்தின் மேல் இருந்தோம். வடக்கே எங்கோ இலைகள் உதிர்கிற மாதம். நமக்கு அதெல்லாம் ஏது? எங்கள் ஊர் ராவாங்கில் மத்தியானம் மழை, சாயங்காலம் புழுக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குளிருக்குத் தப்பி உள்ளான், உப்புக்கொத்தி என்று பறவைகள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்து இறங்குகின்றன. கடலில் நீர் ஏறிச் சேற்றுத் திட்டுகள் மூழ்கியதும், இந்தக் குளத்துக்கு வந்து ஒற்றைக் காலில் நின்று தூங்கும்.

தூங்கும் பறவைகளைப் பார்த்திருக்கிறீர்களா? காற்று வந்தால் இறகு மட்டும் லேசாகச் சிலிர்க்கும். மஞ்சள் வெயில் தண்ணீரில் இறங்கி அவற்றின் கால்களுக்கிடையே அசையும். ஒரு பறவை கண்ணைத் திறந்து, இது எந்த ஊர் என்று யோசிப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. நானும் அதோடு எங்கோ போய்விட்டேன்.

தொலைநோக்கியை இறக்கியபோது பக்கத்தில் காவியா இல்லை.

பதின்மூன்று வயது. கோபுரத்தின் படியில் இல்லை. கீழே பாதையிலும் இல்லை. போன் செய்யலாம் என்றால்... அவள் போன் என் கைப்பையில். "ரிங் அடிச்சா பறவை பறந்துடும், குடு" என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். அவ்வளவு பொறுப்பான தாய்.

குளத்தைச் சுற்றி மண்கரை. இரண்டு பக்கமும் தண்ணீர். மதியம் அந்தத் தண்ணீரில் ஆள் நீள உடும்பு ஒன்று நீந்திப் போனதை, "எவ்வளவு அழகு" என்று படம் எடுத்திருந்தேன். இப்போது அது அழகாக இல்லை.

இடப்பக்கம் ஓடினேன். யாரும் இல்லை. வலப்பக்கம் சேற்றில் ஒரு செருப்புத் தடம், தண்ணீர் ஓரம் வரை... அப்புறம் இல்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். வெட்கம்தான். கோபுரத்தில் தஞ்சோங் காராங்கிலிருந்து வந்த ஒருவர், பெரிய லென்ஸோடு, காலையிலிருந்து ஒரே ஒரு பறவைக்காகக் காத்திருந்தார். அது இப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. பெற்ற பிள்ளையைக் காணோம் — நானோ அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று அவரிடம் போய்க் குசுகுசுக்கிறேன். நாகரிகம் நம் வாயை எங்கேயெல்லாம் அடைத்துவிடுகிறது, பாருங்கள்.

"அண்ணே, பச்சை டீஷர்ட் போட்ட பிள்ளை... பார்த்தீங்களா?"

லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளையக் காணோமா? இன்னும் ஏன் மெதுவா பேசுறீங்க? கத்திக் கூப்பிடுங்க லா."

"உங்க பறவை..."

"அது எங்கயாச்சும் எறங்கிக்கும். கூப்பிடுங்க அக்கா."

கூப்பிட்டேன்.

குளமே எழுந்தது. தண்ணீரின் மேல்தோல் உரிந்து போனதுபோல. ஒரே வீச்சில் வானம் இருண்டு, திரும்பி, வெள்ளையாகி, மறுபடி இருண்டது. சிறகுகளின் இரைச்சலில் என் இரண்டாவது கூப்பாடு எனக்கே கேட்கவில்லை. அழுதுகொண்டே அண்ணாந்து நின்றேன். அந்த நேரத்திலும் அது அழகாக இருந்தது. இதை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வெகு நேரம் கழித்து — எனக்கு அப்படித்தான் இருந்தது — கரை வளைவில் ஒரு பச்சைச் சட்டை தெரிந்தது. முழங்கால்வரை சேறோடு ஓடி வந்தாள். நீர்நாய்க் குடும்பத்தின் பின்னாலேயே குளத்தின் மறுகோடிவரை போயிருக்கிறாள். எதிர்க்காற்றில் அவ்வளவு தூரம் என் குரல் எட்டியிருக்கவே முடியாது.

கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டேன். "எப்படிடி கேட்டுச்சு?"

மூச்சு வாங்கியபடி காவியா சொன்னாள்:

"கேக்கலம்மா. பறவை எல்லாம் எழும்புச்சு... சரி, அம்மா தேடுறாங்கன்னு ஓடி வந்தேன்."