பொழியில மொத வெட்டு

நான் பூவார்ல டூரிஸ்டுகள வள்ளத்துல ஏத்திச் சுத்திக் காட்டப்பட்ட ஆளாக்கும். எட்டு வரைக்கும் தான் படிப்பு. வாறவங்க எல்லாரும் கேக்கப்பட்ட ஒரு கேள்வி உண்டு: இதுல ஆறு எது, கடல் எது?

நெய்யாறு கெழக்கே அம்பூரி மலைப் பக்கத்துல இருந்து வருது. மேக்கே கடல். ரெண்டுக்கும் நடுவுல நீளமா ஒரு மணல்திட்டு. ஆறு அந்த மணல ஒடச்சு கடல்ல எறங்கப்பட்ட வாய்க்கு பொழின்னு பேரு. மழை இல்லாத காலத்துல கடலு மண்ண அள்ளிப் போட்டு அந்த வாய அடைச்சிரும். அப்பம் திட்டுல நடந்தே அக்கரைக்குப் போலாம். பின்ன சூன் மாசம் எடவப்பாதி மழை வரும்போ, அம்பூரில பெய்யுத வெள்ளம் ஒக்க எங்க அடுக்களைக்கு வரும்.

எங்க ஆளுக இஞ்ச வந்தது தொண்டு அழுக்கவாக்கும். அப்பனுக்க தாத்தா உதியன்குளங்கரை பக்கத்துல உள்ளவரு. தேங்காத் தொண்ட ஆத்துல முக்கிப் போட்டா, அழுவி கயிறு திரிக்க ஆவும். அந்த நாத்தத்துல வேற யாரும் இந்தக் கரைக்கு வரல்ல, அதுனால தான் நமக்கு எடம் கெடச்சுதுன்னு அப்பன் சொல்லிச் சிரிப்பாரு. ஆனா எடம் ஒரு எடத்துல நிக்காது. பொழி ஒரு வருசம் தெக்கே முறியும், ஒரு வருசம் வடக்கே முறியும். முறிஞ்சதுக்கு நேரா உள்ள கரைய ஆறு அரிச்சிட்டுப் போவும். அந்த வீட்டுக்காரங்க கொறச்சு பொறத்தால மாறி வேற வீடு வைப்பாங்க. அப்பன் பொறந்த வீடு நின்ன எடத்துல இப்பம் நான் வள்ளம் ஓட்டுறேன். சொன்னா டூரிஸ்டுக நம்பமாட்டாங்க.

வெள்ளம் வீட்டுக்குள்ள ஏறினா, ஊர்க்காரங்க மண்வெட்டியோட போயி, மணல் மெலிஞ்ச எடமாப் பாத்து சின்னதா ஒரு சாலு வெட்டி விடுவாங்க. பின்ன ஆறே அத அகலமாக்கிக்கும். இதுல எங்களுக்கு ஒரு நடப்பு உண்டு. அந்தச் சாலுக்கு நேரா யாருக்க கரை நிக்குதோ, அந்த வீட்டு ஆளு தான் மொத வெட்டு வெட்டணும். அவன் வெட்டாம வேற ஒருத்தனும் மண்ணுல கை வைக்கமாட்டான். போறது அவனுக்க மண்ணு, அப்பம் சம்மதமும் அவன் தான தரணும்.

இந்த வருசம் மழைக்கு முந்தி அப்பன் போயிட்டாரு. நெஞ்சுவலி. ஆசுத்திரிக்கு எடுக்க நேரம் கெடைக்கல்ல. எங்க வீட்டுப் பறம்புல, ஆத்துப் பக்கமா எரிச்சோம். அந்த எடத்துல ஒரு தென்னம்பிள்ளை வச்சோம். அம்மை காலத்த எழும்பி அதுக்கு வெள்ளம் ஊத்தும். மழை பெய்யப்பட்ட நாளும் ஊத்தும். நானும் அதுக்க கிட்ட போயி இருந்து, இன்னிக்கு வள்ளத்துல யாரு வந்தா, எவன் வாந்தி எடுத்தான்னு ஒக்க சொல்லுவேன். எனக்கு வட்டு பிடிச்சுதுன்னு நெனச்சா நெனச்சுக்கட்டு.

பின்ன எடவப்பாதி மழை வந்துது. மணல் மெலிஞ்சு கெடந்தது சரியா எங்க கரைக்கு நேரா.

கெழக்கே வீட்டு அண்ணன் வந்து முற்றத்துல நின்னாரு. அவருக்க அடுக்களைல முட்டளவு வெள்ளம், கோழி ஒக்க கட்டில்ல ஏறியாச்சு, பெண்டாட்டி அதுகளுக்க கூடவே படுக்கச் சொல்லுதான்னு தமாசா சொன்னாரு. பொழி வெட்டுத காரியம் ஒண்ணும் எடுக்கல்ல. நாளைக்கு மழை நிக்கும்னு நான் சொன்னேன். அவரு போற வழியில அந்தத் தென்னம்பிள்ளையப் பாத்துட்டுப் போனாரு.

மறுநாளும் மழை நிக்கல்ல. அம்மை அப்பனுக்க மண்வெட்டிய எடுத்துட்டு வந்து எனக்க முன்னால வச்சுது.

"எலே மக்கா, கெழக்கே வீட்டுக்காரி நேத்து அடுப்பு பத்த வைக்கல்ல. நீ என்னத்துக்கு சும்மா இருக்க?"

"வெட்டினா அப்பன் போயிருவாரு அம்மே."

"அவரு ஆயுசு முழுக்க இந்த ஆத்துல கெடந்தவராக்கும். வெள்ளத்துக்குப் பேடிக்கப்பட்ட ஆளா?"

தென்னம்பிள்ளைய பிடுங்கி வீட்டுக்குப் பொறத்தால நடட்டான்னு கேட்டேன்.

"வேண்டாம். படுத்துக் கெடக்கப்பட்ட ஆள எழுப்பாத."

வள்ளத்துல திட்டுக்குப் போனேன். எல்லாரும் மண்வெட்டியோட நின்னாங்க. நான் ஒரு வெட்டு வெட்டினேன், மேல் மணலு தான் கொறச்சு எளகிச்சு. அப்பம் கெழக்கே வீட்டு அண்ணன் குனிஞ்சு பாத்தாரு.

"எலே, இது எனக்க கோழி கிண்டுனது மாதிரில்லா இருக்கு."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், கண்ணு நெறஞ்சும் போச்சு. பின்ன எல்லாரும் கூடி வெட்டினோம்.

உச்சைக்கு முந்தி சாலு கடலத் தொட்டுது. செவந்த வெள்ளம் ரப்பர் எலையும் சுள்ளியுமா எரைஞ்சு எறங்கிச்சு. நான் வீட்டுக்கு வரும்போ எங்க கரை கண்டம் கண்டமா இடிஞ்சு விழுது. அம்மை குடை பிடிச்சு நிக்குது. தென்னம்பிள்ளை ஒரு பக்கம் சாஞ்சு, வேரோட எறங்கி, ஒரு சுத்து சுத்தி, நேரா பொழியப் பாத்துப் போச்சு. அம்மை அழல்ல.

"நல்ல வேகமாத் தான் போறாரு" ன்னு சொல்லிச்சு.

அந்தியில கெழக்கே வீட்டுக்காரி வந்தா. கால்ல சேறு காயல்ல. அடுக்களை இன்னும் கழுவித் தீரல்ல, அடுப்ப பெஞ்சு மேல தூக்கி வச்சு சமைச்சதாம். அவிச்ச மரச்சீனிக் கெழங்கும் அயிலைக் கறியும் கொண்டு வந்திருந்தா. அப்பன் போன பொறவு அம்மை மீன் தொடல்ல. அவளுக்கும் அது தெரியும். அதுனால எனக்க தட்டுல மட்டும் மீன வச்சா.

அம்மை அதப் பாத்துட்டு, தனக்க தட்ட நீட்டிச்சு. மீனோட கொறச்சு சாறும் கூட்டி ஊத்தச் சொல்லிச்சு.