ரிப்பேருக்கு என்று எழுதிக் கொடுத்தேன்

அந்தக் காகிதத்தில் 'பழுது பார்க்க' என்று எழுதியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் விழுப்புரம் சாலையில் ஸ்கூட்டருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று வந்தது. நிலம், வரிவிலக்கு, மெஷின் வாங்க மானியம் எல்லாம் அரசு கொடுத்தது. அதைக் கவனிக்கும் அலுவலகத்தில் நான் ஓர் அதிகாரி. ஆள் எடுத்தபோது நானும் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சாலையில் நிரந்தர வேலையில் இருந்த ரெட்டியார்பாளையத்துக்காரர் ஒருவர் தயங்கினார். மில்லை விட்டு வரலாமா என்று என்னிடம்தான் கேட்டார். அரசாங்கம் பின்னால் நிற்கிறது, மூட விடமாட்டோம் என்றேன். வந்தார். லேத் ஓட்டக் கற்றுக்கொண்டார். சில வருஷங்களில் அங்கே அவரை மிஞ்ச ஆளில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் வரிவிலக்கு முடிந்தது. வேறொரு மாநிலம் புதிதாக விலக்கு தரத் தயாராக இருந்தது. மானியத்தில் வாங்கிய மெஷினை எங்கள் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. பழுது பார்க்க என்றால் அனுமதி தரலாம். பன்னிரண்டு லேத்துகளும் பழுது என்று விண்ணப்பம் வந்தது. போய்ப் பார்த்தேன். பன்னிரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வாரம் என்னை வெகு தூரத்தில், தெலுங்கு பேசும் யானத்துக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். மேலதிகாரி மாற்றலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, யானத்தில் மழைக்காலம் கஷ்டம் என்றார். கையெழுத்துப் போட்டேன். எந்த நாளில் எடுக்கலாம் என்று முதலாளியின் ஆள் கேட்டபோது, ஆகஸ்ட் பதினாறு என்று சொன்னதும் நான்தான். சுதந்திர தினத்துக்கு மறுநாள் எங்கள் ஊருக்கு மட்டும் இன்னொரு விடுமுறை. பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி ஊரை ஒப்படைத்த நாள். கோர்ட்டும் தொழிலாளர் அலுவலகமும் பூட்டியிருக்கும். வெளியூர் லாரிகளுக்கு அது வேலை நாள்.

அன்று காலை அந்த ரெட்டியார்பாளையத்துக்காரர் நெல்லித்தோப்பில் என் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மூன்று லாரிகள் வந்திருப்பதாகவும், தொழிலாளர்கள் கேட்டை மறித்து உட்கார்ந்துவிட்டதாகவும், போலீஸ் ஒரு காகிதத்தைக் காட்டி எழுந்திருக்கச் சொல்வதாகவும் சொன்னார்.

"அதுல உங்க கையெழுத்து இருக்குது சார். அதப் பாத்தப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். அனுமதியை நிறுத்திவைக்கிறேன் என்று நான் சொன்னால் லாரிகள் நகர முடியாது; மறுநாள் கோர்ட் திறந்ததும் தொழிலாளர் சங்கம் தடை வாங்கிவிடும். வழி முழுவதும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கேட்டில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பேக்கிங்கில் வேலை செய்யும் பெண் ஒருத்தி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"எங்களுக்குக் காய்ச்சல்னா ஒரு நாள் லீவு தர மாட்டாங்க. முந்தாநேத்து வரைக்கும் ஓடின மெஷினு பன்னெண்டுக்கும் ஒரே நாள்ல காய்ச்சலா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டி, கையெழுத்து என்னுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரிப்பேருக்குத்தானே என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. ரெட்டியார்பாளையத்துக்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிப்பேருக்குத்தான்," என்றேன். "திரும்பி வந்துடும்."

திரும்பி வருமா என்று யாரும் கேட்கவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

"சாரே சொல்லிட்டாரு இல்ல, ஏந்திருங்க," என்றார் அவர். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அந்தப் பெண் கடைசியாக எழுந்தாள்.

அதோடு நான் போயிருக்கலாம். கால் வரவில்லை. அவர் உள்ளே போய்த் தன் லேத்துக்குத் துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸைக் கையால் அள்ளித் தடவினார். லாரிக்காரன் கட்டிய தார்ப்பாயை அவிழ்த்து, மழை இறங்காதபடி மறுபடி கட்டினார். பள்ளம் பார்த்து மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"எத்தினி நாளு சார் ஆவும்?"

ஒரு மாதம் என்றேன்.

மாற்றல் வரவில்லை. ஒரு மாதம் முடிந்த மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். நான் இல்லை என்று சொல்லும்படி பியூனிடம் சொன்னேன். பரவாயில்லை, இருந்து பார்த்துவிட்டே போகிறேன் என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். சாயங்காலம் நான் பின்பக்கக் கதவு வழியாக வெளியேறினேன். அப்போதும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.