சிமெண்டு மேடையில் யார் தாளம் வைப்பது?

நிகழ்ச்சி தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை. மேடை நடுவில் வெறுங்காலோடு நின்ற என் மகள் மேகலா குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை விரித்தாள். டிரம் அடித்தும் அதிர்வு ஒன்றுமே வரவில்லை என்று அர்த்தம். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது; அன்று ஆட வந்தவர்களில் அவள் ஒருத்திதான் அப்படி.

அரியலூர் மறுபடியும் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த வருடங்கள் அவை. பெரம்பலூரில் ஒரு நவீன நடனக் குழுவில் நான் மேடைப் பொறுப்பாளர். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் காது கேட்காதவர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஆடும் குழு. மகளைச் சேர்க்கப் போனவள், டைப்பிஸ்ட் வேலை போக மிச்ச நேரத்தில் அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். குழுவை நடத்திய ஸ்டெல்லா மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: “இருக்குற உடம்புக்குத் தக்கனதான் ஆட்டத்த அமைக்கணும். ஒத்து வரலன்னு ஒருத்தர வெளில நிறுத்துனா, அப்பறம் நாம எதுக்குங்க?”

நாங்கள் வழக்கமாக ஆடுவது பலகை மேடையில். ராசு அண்ணன் பெரிய டிரம்மைப் பலகை மேலேயே வைத்து அடிப்பார். அந்த அதிர்வு பாதத்தில் ஏறும். அதைப் பிடித்துத்தான் மேகலா ஆடுவாள். ஆனால் பலகை இடுக்கில் ஜாபரின் சக்கர நாற்காலி மாட்டிக்கொள்ளும். லப்பைக்குடிக்காட்டுப் பையன், ஊர் ஊராக அதைச் சொல்லிப் புலம்புவான். அதனால் அரியலூரில் சரிவுப் பாதையோடு வழவழப்பான சிமெண்டு மேடை கிடைத்ததும் எல்லோருக்கும் சந்தோஷம்.

“அல்ஹம்துலில்லாஹ்! இன்னிக்கிப் பாருங்கக்கா, வண்டி வழுக்கிட்டுப் போவும்” என்றான் ஜாபர்.

கெட்டிச் சிமெண்டில் டிரம்மின் அதிர்வு காலுக்கு வராது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விழாப் பொறுப்பாளர் வந்து விஷயத்தைக் கேட்டார். “இதுக்கு ஏம்மா இவ்ளோ யோசிக்கிறீங்க? பாப்பாவ ஒரு ஓரமா சேர் போட்டு உக்கார வைங்க. பாத்தாலே ஜனங்க பாவம்னு கை தட்டிடுவாங்க.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ வேறு பயம். தாளம் தப்பி, அவள் மட்டும் தனியாகத் திரும்பி, கூட்டம் சிரித்துவிட்டால்? “இன்னிக்கி ஒரு நாள் வேணாமே, மேடம்” என்றேன்.

ஸ்டெல்லா மேடம் மேகலா பக்கம் திரும்பினார். என்ன செய்யலாம் என்று சைகையில் கேட்டார். தாளத்தை நானே வைக்கிறேன் என்று அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

“ராசு, இன்னிக்கி நீ தாளம் வைக்காத. அவ கால் வைக்கிறப்ப அடி. மத்தவங்க உன் அடியப் பிடிச்சுக்குவாங்க” என்றார் மேடம்.

ராசு அண்ணனுக்கு முகம் சுருங்கியது. “என்னா மேடம், எத்தன மேடை பாத்தவன் நான். காது கேக்காத புள்ளகிட்டயா தாளம் வாங்கணும்?”

“உங்களுக்குக் கண்ணு தெரியுதுல்லண்ணே? பாத்து அடிங்க” என்றான் ஜாபர். ராசு அண்ணனே சிரித்துவிட்டார்.

எப்போதும் பின்வரிசையில் ஆடுகிறவள் முன்னால் வந்தாள். அவள் கால் தெரிகிற மாதிரி டிரம்மை நகர்த்திவைத்தோம். முதல் சில அடிகள் பிந்தி விழுந்தன. நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பாதமும் டிரம்மும் ஒன்றாக விழுந்தன. அவள் வேகம் கூட்டினாள்; கூடவே டிரம் ஓடியது, ஜாபரின் சக்கரம் சுழன்றது, மேடை முழுவதும் அவள் காலுக்கு ஆடியது. கீழே யாரும் பாவம் பார்த்துக் கை தட்டவில்லை. விசில் அடித்தார்கள்.

முடிந்ததும் ராசு அண்ணன் தன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். “என்னாம்மா உன் பொண்ணு இந்த ஓட்டம் ஓடுது! கை கழண்டு போச்சு.” மேகலாவிடம் சைகையில் அதைச் சொன்னேன். பதிலுக்கு அவள் காட்டியதை அவரிடம் சொன்னேன்: “அடுத்த தடவ மெதுவாப் போறாளாம், உங்களுக்காக.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேடை பார்க்கப் போகும்போது ஆடுகிற எல்லோரையும் கூட்டிப் போங்கள். ஒருவருக்கு வசதியான தரை இன்னொருவருக்கு ஊமைத் தரையாக இருக்கும். என்ன செய்வது என்று புரியாதபோது, ஆடுகிறவரிடமே முதலில் கேளுங்கள். அன்று என்னிடம் கேட்காமல் என் மகளிடம் கேட்டதற்காக ஸ்டெல்லா மேடத்துக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அவள் மேடை ஏறும்போதெல்லாம் இப்போதும் எனக்கு அந்தப் பயம் வருகிறது. ஆனாலும் அன்றைக்குப் பிறகு வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.