மேடைக்குக் கீழே ஆடுகிற மிஸ்

வேலப்பன்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சர்வதேசப் பள்ளி இருக்கிறது. சர்வதேசம் என்பதற்கு வாசலில் நிற்கும் சிமென்ட் உலக உருண்டைதான் சாட்சி. பிள்ளைகள் என்னவோ மதுரவாயல், திருவேற்காடு, கரையான்சாவடி என்று பள்ளி வேன் போய்வரக்கூடிய தேசங்களிலிருந்துதான் வருகிறார்கள். அந்தப் பள்ளியின் இணையதளத்தில் சாமுண்டீஸ்வரியின் படத்துக்குக் கீழே ‘உடலசைவு மற்றும் நிகழ்கலைத் துறைத் தலைவர்’ என்று போட்டிருக்கும். துறையில் அவள் இருக்கிறாள், ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது, பழைய ஜரிகை உடைகளை அடைத்து வைத்த ஒரு பீரோ இருக்கிறது. மூவரில் வாய் உள்ளவர்கள் இருவர். அதிலும் ஸ்பீக்கர் அடிக்கடி லீவு.

கள்ளிக்குப்பத்தில் பிறந்து, கள்ளிக்குப்பத்திலேயே வாக்கப்பட்ட சாமுண்டீஸ்வரி, ஆட்டம் கற்றது அம்பத்தூரில் ஒரு தையல்கடை மாடியில், ஞானசேகரன் மாஸ்டரிடம். மாஸ்டர் சினிமாவில் பின்வரிசையில் ஆடியவர். கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் அவருடைய பாதி முகம் தெரிகிற பாட்டுகள் ஏராளம். அவருடைய நடன சாஸ்திரம் முழுவதும் இவ்வளவுதான்: “முன்னாடி நிக்கிறவனைப் பாரு, அப்படியே ஆடு. யோசிச்சின்னா லேட்டாயிடும்.”

அந்த சாஸ்திரத்தில் முன்னாடி நிற்கிற ஆளாக சாமுண்டீஸ்வரி பதவி உயர்வு பெற்றாள். ஆண்டுவிழா என்றால் மேடையில் பிள்ளைகள், கீழே நாற்காலிகளில் பெற்றோர். இரண்டுக்கும் நடுவில் இருட்டாக ஒரு சந்து கிடக்கும் அல்லவா, அதுதான் அவளுடைய மேடை. அங்கே நின்றுகொண்டு முழு ஆட்டத்தையும் அவள் ஆடுவாள். பிள்ளைகள் அவளைப் பார்த்து ஆடுவார்கள். அவர்கள் வலது கையைத் தூக்க வேண்டுமானால் இவள் இடது கையைத் தூக்க வேண்டும். பல வருடம் இப்படியே ஆடியதில், ஆட்டோக்காரர் “ரைட்டா, லெஃப்டா?” என்று கேட்டால் இன்றைக்கும் அவள் பதில் சொல்வதில்லை, கையைக் காட்டிவிடுகிறாள். அதுவும் பாதி நேரம் தப்பான பக்கம்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது, முஜீப் வீடியோ எடுக்கும் வரைக்கும்.

முஜீப்புக்குப் பூந்தமல்லியில் ஆட்டோ சீட் கவர் தைக்கும் கடை. மகள் மஹீரா நாலாம் வகுப்பு. ஆண்டுவிழா முடிந்த மறுவாரம் பள்ளி வாசலில் சாமுண்டீஸ்வரியைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. வீடியோவ ஊட்ல எல்லாரும் ஒக்காந்து பாத்தோம். எம் பொண்ணத் தேடிகினே கீறோம், காணோம். ஃபுல்லா நீங்கதான் கீறீங்க. என் மச்சான் கேக்கறான், ‘யாரு மாமே இது, நம்ம மஹீராவ விட சூப்பரா ஆடுது’ன்னு.”

“அய்யோ, நெசமாவா?” என்று சாமுண்டீஸ்வரி வெட்கப்பட்டாள். அதைப் பாராட்டு என்றே நினைத்தாள். முஜீப்பும் பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதே வீடியோவை அதே சிரிப்போடு அவர் பெற்றோர் வாட்ஸப் குழுவிலும் போட்டிருந்தார். அங்கே இன்னும் பலர் தங்கள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருப்பது அப்போதுதான் வெளியே வந்தது.

பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த கல்வி ஒருங்கிணைப்பாளர் கிருஷ்ணப்பிரியா அவளைக் கூப்பிட்டனுப்பினாள். கிருஷ்ணப்பிரியா கோபப்பட மாட்டாள். கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குப் புன்னகை வரும்.

“சாமுண்டீஸ்வரி மேம், உங்க எனர்ஜி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா பிப்ரவரில அங்கீகாரக் குழு வர்றாங்க. பசங்க அவங்களாவே ஆடணும். நீங்க எங்கயுமே தெரியக் கூடாது.”

“நான் முன்னாடி நிக்கலைன்னா பசங்க எப்படி மேம் ஆடுவாங்க?”

“அதத்தான் குழுவும் பாக்கப் போறாங்க. முடியலைன்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல. அண்ணா நகர்ல ஒரு டான்ஸ் அகாடமி ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க. அவங்களுக்குத் தனி டி-ஷர்ட்டெல்லாம் இருக்கு.”

“அப்ப நான்?”

“உங்கள நாங்க விடுவோமா? பஸ் டியூட்டிக்கு ஆளே இல்ல மேம்.”

பஸ் டியூட்டி என்பது வாசலில் விசிலோடு நின்று, எந்தப் பிள்ளை எந்த வேனுக்கு என்று பிரித்து ஏற்றுவது. அதற்கும் ஒரு துறைப் பெயர் இணையதளத்தில் கிடைத்துவிடும், சந்தேகமில்லை.

அவள் கணவன் மோகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷினில் வேலை செய்கிறவன். ஷிஃப்ட் முடிந்து வந்தவன் சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டான்.

“இன்னா சாமு, மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

அவள் சொன்னாள். அவன் சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டான். “விசில் ஊதறது ஒண்ணும் கேவலமில்லியே.”

“கேவலமில்லய்யா. ஆனா பஸ்ஸு நான் சொன்னா ஆடாது.”

“அதுவும் கரெக்டுதான்.”

“இன்னொண்ணு தெரியுமா? இத்தினி வருசமா ஆட வெச்சிகினு கீறேன், ஒரு ஆட்டத்தக் கூட நான் பாத்ததில்ல. நானே ஆடிகினு கெடந்தா எங்க பாக்கறது?”

“அப்ப ஒரு தபா பின்னாடி போய் ஒக்காந்து பாரேன். டிக்கெட்டா கேக்கப் போறாங்க?”

அங்கீகாரக் குழுவுக்காக கிருஷ்ணப்பிரியா தேர்ந்தெடுத்த தலைப்பு ‘தண்ணீரின் பயணம்’. மழை, ஓடை, ஆறு, கடல். வேலப்பன்சாவடியில் தண்ணீர் பயணம் போவதில்லை, வந்தால் தங்கிவிடும் என்பது வேறு விஷயம். வழக்கம்போல முன்னால் நின்று சில வாரம் சொல்லிக்கொடுத்ததில் பிள்ளைகளுக்குப் பாதி ஆட்டம் வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள், மோகன் சொன்னபடியே, சாமுண்டீஸ்வரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹாலின் கடைசிச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து பாட்டைப் போட்டாள்.

ஒருவரும் அசையவில்லை. எல்லாக் கண்களும் அவள் வழக்கமாக நிற்கும் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

“மிஸ், முன்னாடி யாருமே இல்ல” என்று புகார் கொடுத்தான் சரண்.

“தெரியும்டா. ஆடு.”

“யாரப் பாத்து?”

“யாரையும் பாக்காத. மனசுல இருக்கறத ஆடு.”

மனசில் இருப்பது வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பாட்டு இரண்டு தடவை வீணாக ஓடியது. மூன்றாவது தடவை மஹீரா ஆரம்பித்தாள். மற்றவர்கள் தொற்றிக்கொண்டார்கள். சாமுண்டீஸ்வரி நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். மழை நன்றாகவே பெய்தது. ஓடை வளைந்தது. திடீரென்று மொத்தக் கூட்டமும், இல்லாத துப்பட்டாவை ஒரே வீச்சில் தோளுக்குப் பின்னால் எறிந்தது. அடுத்த தாளத்தில் எல்லோரும் புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார்கள். அதற்கும் அடுத்ததில் பல்லைக் கடித்துக்கொண்டு, விரலை நீட்டிக் கடைசி வரிசையை அதட்டினார்கள். கடைசி வரிசையில் நின்ற பிள்ளைகளும் பின்வாங்கவில்லை. திரும்பி, தங்களுக்குப் பின்னால் இருந்த சுவரை அதட்டினார்கள். எல்லாமே தாளத்துக்குள் கச்சிதமாக.

சாமுண்டீஸ்வரி பாட்டை நிறுத்தினாள். “இன்னாடி, நக்கலா?”

மஹீராவுக்கு நிஜமாகவே புரியவில்லை. “ஏன் மிஸ்? அதுவும் ஸ்டெப்புதான?”

தண்ணீர் எதற்காகப் பல்லைக் கடிக்கிறது என்று இத்தனை வாரமாக ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. மிஸ் செய்தால் அது ஸ்டெப். சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அதைவிடப் பெரிதாக வேறு ஒன்று வந்தது. “இன்னொரு தபா ஆடுங்க” என்றாள். திரும்பத் திரும்ப ஆடவைத்துப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சுவது அவளுடையது. இடது குதிகாலைத் தரையில் தேய்ப்பது அவளுடையது. கண்ணாடிக்குள் தெரிகிற சாமுண்டீஸ்வரி ஒழுங்காகத் தலைவாரியவள், பொட்டு வைத்தவள். பிள்ளைகளின் உடம்பில் தெரிந்த இவள் யாரோ சிடுசிடுப்பான பெண். கொஞ்சம் அழகாகவும் இருந்தாள்.

வீட்டில் விசாரணை நடந்தது. “யோவ், நான் பல்லக் கடிக்கிறனா?”

“கொழம்புக்கு உப்பு பாக்கறப்பக்கூட” என்றான் மோகன்.

களையெடுப்பு ஆரம்பமானது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு முன்னால் நின்று மறுபடி சொல்லிக்கொடுத்தாள். துப்பட்டா வீச்சு போய்விட்டது. பதிலாக, எல்லோரும் இடுப்பில் இல்லாத முடிச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். விரலை நீட்டக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்றைக்குத் தண்ணீர், கல்யாண மண்டபத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பெரிய மனிதர் மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பயணம் போனது. ஒன்றைப் பிடுங்கினால் ஒன்பது முளைத்தது. அவள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் வரை இது தீராது.

கடைசியில் அவளுக்கு ஒன்று தோன்றியது. பிள்ளைகளை இரண்டு வரிசையாகப் பிரித்து, ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிறுத்தினாள். இது ஒரு கரை, அது ஒரு கரை.

“என்னப் பாக்காதீங்க. எதிர்ல நிக்கறவங்களப் பாருங்க.”

“மிஸ், சரண் என்னப் பாத்து காப்பி அடிக்கிறான்!” என்றாள் எதிர்க்கரைப் பெண்.

“நீதான்டி என்னப் பாத்து அடிச்ச!”

“அடிக்கத்தான்டா சொல்றேன்!” என்றாள் மிஸ். காப்பி அடிக்கச் சொல்லி ஒரு ஆசிரியை கத்துவதைக் கேட்டு, வராந்தாவில் போன கணக்கு சார் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

யார் முதல் என்று தகராறு நாள்கணக்கில் நடந்தது. இந்தக் கரை கை தூக்க, அந்தக் கரை பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாகத் தூக்க, அதைப் பார்த்து அடுத்த பிள்ளை தூக்க, கைகள் வரிசையாக எழுந்து எழுந்து அடங்கின. அலை மாதிரியே இருந்தது. சாமுண்டீஸ்வரி அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஞானசேகரன் மாஸ்டராக இருந்தால் லேட்டு, லேட்டு என்று கத்தியிருப்பார். அவள் வாயைத் திறக்காமல் நின்று பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து பார்த்தாள். விரல் நீட்டி அதட்டுவது மட்டும் போகவில்லை. “அங்கதான் மிஸ் ஜாலியா கீது” என்று மஹீரா விட மறுத்துவிட்டாள்.

அங்கீகாரக் குழு வந்தது. தலைவர் ஐதராபாத்காரர், கோட்டு போட்ட பெரிய உருவம். தமிழ் புரியும். பேசப் போனால் தெலுங்கு முந்திக்கொள்ளும். அவர் முன்வரிசையில். சாமுண்டீஸ்வரிக்கு ஒதுக்கிய இடம் ஹாலின் கடைசியில், தூணுக்குப் பக்கத்தில். முன் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் இடது குதிகால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

மழை பெய்தது, ஓடை வந்தது. ஆறு தொடங்கும் இடத்தில் சரண் வலது பக்கம் போவதற்குப் பதில் இடது பக்கம் போனான். எதிர்க்கரைப் பெண்மேல் மோதினான். அவள் பின்னால் நகர, அவளைப் பார்த்து அந்தக் கரை மொத்தமும் பின்னால் நகர்ந்தது. இந்தக் கரை அப்படியே நின்றுவிட்டது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சாமுண்டீஸ்வரி எழுந்துவிட்டாள். பக்கவாட்டில் ஓடி அந்த இருட்டுச் சந்தில் நின்று இடது கையைத் தூக்கினால் போதும், ஆறு திரும்பிவிடும். அத்தோடு விசிலும் அவள் கைக்கு வந்துவிடும். ஓடாவிட்டால் ஆறு இங்கேயே வறண்டுபோகும், அப்போதும் விசில்தான். உட்கார்ந்தாள். உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

மேடையில் மஹீரா, சரணின் தோளைப் பிடித்து அவன் இடத்துக்குத் தள்ளினாள். பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்துத் தன் பக்கத்துப் பையனைத் தள்ளினாள். எதிர்க்கரையும் தள்ளியது. தள்ளல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்பி வந்தபோது பாட்டும் ஆட்டமும் ஒன்றாகிவிட்டிருந்தன. வெள்ளம் வருகிறது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. முஜீப் எழுந்து நின்று வீடியோ எடுத்தார். இந்தத் தடவை மகள் தெரிந்தாள்.

“சால பாகுந்தி! நல்லா உந்தி!” என்றார் தலைவர். “டீச்சர் எக்கட, எங்க?”

கிருஷ்ணப்பிரியா முந்திக்கொண்டாள். “இது முழுக்க மாணவர்களே நடத்தற புரோகிராம் சார். டீச்சர் சும்மா பின்னணியில.”

“அப்படியா? அப்போ ஒரு பாப்பா எனக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.”

கிருஷ்ணப்பிரியாவின் புன்னகை அங்கேயே இருந்தது, கண் மட்டும் எங்கோ போய்விட்டது. அதற்குள் மஹீரா குதித்து இறங்கி அவர் எதிரில் நின்றுவிட்டாள். தலைவர் கோட்டைக் கழற்றினார்.

“சார், காலப் பாக்காதீங்க. என்னப் பாருங்க. கைய நல்லாத் தூக்குங்க, கிள்ளவா போறேன்?”

வளாகத்தில் ஆங்கிலம் மட்டுமே பேசவேண்டும் என்ற பலகை அவளுக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தலைவர் தூக்கினார். சுற்றினார். சுற்ற வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றி, நிற்க முடியாமல் இரண்டு அடி தத்தினார். மஹீரா பல்லைக் கடித்து விரலை நீட்டினாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. தூணுக்குப் பக்கத்தில் ஒருத்தி மட்டும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்புறம் மஹீரா விரலை மடக்கிக்கொண்டு சொன்னாள்: “பரவால்ல சார். தப்புதான், ஆனா நல்லா கீது. அதையே இன்னொரு தபா பண்ணுங்க. நாங்க உங்கள மாதிரி மாத்திக்கறோம்.”

அவர் மறுபடி தத்தினார். மேடையில் இரண்டு கரையும் அவரைப் போலவே தத்தின. ஆறு கடலில் சேர்ந்தது.

மூச்சு வாங்கியபடி தலைவர், “உனக்கு எவரு நேர்ப்பிஞ்சாரு? யார் கத்துக்கொடுத்தது?” என்றார். மஹீரா தூணைக் காட்டினாள். சாமுண்டீஸ்வரி எழுந்து நின்றாள். அவர் கைகூப்பிவிட்டு கிருஷ்ணப்பிரியாவைப் பார்த்தார். “அடுத்த வருஷமும் நான் வருவேன். இவங்க உண்டாரு கதா, இருப்பாங்கல்ல?”

“அதிலென்ன சந்தேகம் சார்? எங்க துறைத் தலைவர் சார்” என்றாள் கிருஷ்ணப்பிரியா, நொடி தாமதமில்லாமல். அண்ணா நகர் அகாடமிக்கு அன்று மாலையே பணிவான ஒரு பதில் போனது.

வேன் ஏறப்போன மஹீராவை சாமுண்டீஸ்வரி மடக்கினாள். “ஏய், அந்த ‘பரவால்ல’, ‘மாத்திக்கறோம்’ எல்லாம் எங்கேந்து வந்துச்சு? நான் ஒருநாளும் சொன்னதில்லியே?”

“நீங்க சொல்லல மிஸ். அது என்னுது.”

சொல்லிவிட்டு அவள் வேனுக்குள் போய் ஜன்னலோர இடத்துக்குச் சண்டைபோட ஆரம்பித்துவிட்டாள். சாமுண்டீஸ்வரிக்கு அன்று முழுக்க வேறு யோசனை ஓடவில்லை. மறுநாள் வகுப்பில் பாட்டைப் போடவில்லை. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கேட்டாள்:

“சரி, உங்களுதுன்னு வேற இன்னா இன்னா வெச்சிகினு கீறீங்க? ஒவ்வொருத்தரா காட்டுங்க, பாப்போம்.”

ஒவ்வொருத்தராக யாரும் காட்டவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டினார்கள். அதில் பாதி, ஆட்டமே இல்லை. அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.